துறையை மாற்றுவதா, பல்கலைக்கழகத்தை மாற்றுவதா?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் கல்லூரி மண்டபத்தில் நடத்தப்பட்ட வழிகாட்டல் அமர்வில் வாசிக்கப்பட்ட உரை)





இந்த உரையை வாசிப்பது ஒருத்தி, எழுதியது மூவர். இதிலே வரும் நான்காமவள் இப்போது மெல்பேர்ணில் இருக்கிறாள். எழுதியதை அவளுக்கு அனுப்பி, அவள் திருத்தித் தந்த பிறகே இங்கு கொண்டுவந்திருக்கிறோம். ஆகவே நாங்கள் "நாங்கள்" என்று சொல்லும்போது சில இடங்களில் மூவர், சில இடங்களில் நால்வர். கணக்குச் சரிவரவில்லை என்று கணித ஆசிரியை கோபிக்கக்கூடாது.

சென்ற விடுமுறையின்போது சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் இதே மேடையில் பரிசு வாங்கிச் சென்ற ஒரு தங்கை. இப்போது ஒரு பொறியியற் பீடத்தில் முதலாம் வருடத்தை முடித்திருக்கிறாள். "அக்கா, கேட்ட துறை கிடைக்கேல்லை. துறையை மாத்தக் கேக்கிறதோ, வேறை கம்பசுக்கு மாறுறதோ, எல்லாத்தையும் விட்டிட்டு வாறதோ எண்டு தெரியேல்லை. வீட்டிலை சொல்லவும் ஏலாமல் கிடக்கு" என்று எழுதியிருந்தாள். செயலாளர் அதை எங்களிடம் தந்து, "நீங்கள்தானே அந்தப் பக்கம் போனவர்கள், பதில் சொல்லுங்கோ" என்றார். அவளுடைய அனுமதியோடுதான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம்.

நாங்கள் 1990களின் தொடக்கத்தில் உயர்தரம் எழுதியவர்கள். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று நான்கு பாடங்கள் இருந்த காலம். இசெட் புள்ளி இல்லை. மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் படித்தோம். அப்படிப் படித்த நால்வரில் மூவர், பல்கலைக்கழகம் போனால் மின்பொறியியல்தான் படிப்பது என்று முடிவெடுத்திருந்தோம். சிரிக்காதீர்கள். இல்லாத பொருளில்தானே ஆசை வரும்!

எங்களில் ஒருத்திக்கு மொறட்டுவை கிடைத்தது. மற்ற மூவருக்கும் பேராதனை. ஊரிலிருந்து புறப்பட்டு, கிளாலியில் இரவு நேரம் வள்ளம் ஏறி, கடல்நீரேரியைக் கடந்து, பிறகு வவுனியா வரை எத்தனையோ இடங்களில் இறங்கி ஏறிப் போனோம். வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் அப்பாவைக் கேட்க வழியில்லை. இன்று வாட்ஸ்அப்பில் ஒரே இரவில் பதினைந்து பேரிடம் ஆலோசனை கேட்கும் உங்களுக்கு அது கஷ்டமாகத் தோன்றலாம். எங்களுக்கென்னவோ, உங்கள் பதினைந்து பேரும் கொஞ்சம் அதிகம்போலத் தெரிகிறது.

அங்கே நடைமுறை என்னவென்று தங்கைகளுக்குச் சொல்லவேண்டும். பேராதனையில் முதலாம் வருடம் எல்லோருக்கும் பொதுவானது. அதன் பெறுபேற்றையும் மாணவர் எழுதிக் கொடுக்கும் விருப்ப ஒழுங்கையும் வைத்துத்தான் குடிசார், மின் மற்றும் இலத்திரனியல், இயந்திரவியல், இரசாயனம், கணினி, உற்பத்தி என்று துறைகளுக்குப் பிரிப்பார்கள். எல்லோரும் கேட்கும் துறை முதலில் நிரம்பும். எல்லோரும் கேட்பது எது என்பது காலத்துக்குக் காலம் மாறும். விக்டோரியா, கொத்மலை அணைகள் எழுந்த 1980களின் முற்பகுதியில் குடிசார் துறைக்கு இருந்த மவுசை எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் காலத்தில் அது இலத்திரனியலுக்கு வந்தது. இப்போது கணினி. உங்கள் பிள்ளைகளின் காலத்தில் எது என்று நாங்கள் சாத்திரம் சொல்ல மாட்டோம்.

பட்டியல் ஒட்டப்பட்ட நாளில், எங்களில் ஒருத்திக்கு மின்பொறியியல் கிடைத்தது, ஒருத்திக்குக் குடிசார், மற்றவளுக்கு இயந்திரவியல்.

குடிசார் கிடைத்தவள் மூன்று நாள் அழுதாள். பெண்பிள்ளை வெயிலில் நின்று சீமெந்து பார்ப்பதா என்று சொந்தக்காரர் கேட்பார்களே என்ற பயம் ஒரு பக்கம். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் எனப் போற்றப்படும் பிரேமளா சிவசேகரம் அவர்கள், 1960இல் பொறியியற் பீடத்துக்குள் நுழைந்து படித்ததே குடிசார் பொறியியல்தான் என்பது அன்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு நாளோடு அழுகை நின்றிருக்கலாம்.

துறை மாற்றம் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு ஒரு விரிவுரையாளரிடம் போனாள். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "குடிசாரில் உமக்குப் பிடிக்காதது எது?" என்று கேட்டார். அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குடிசார் பொறியியலில் அதுவரை அவள் எதையும் படித்திருக்கவில்லை. அழுததெல்லாம் பட்டியலில் தன் பெயர் நினைத்த இடத்தில் இல்லை என்பதற்காக. இந்தக் கல்லூரியில் ஆறாம் வகுப்பிலிருந்து முதலாம், இரண்டாம் இடத்தைத் தவிர வேறு இடம் தெரியாத பிள்ளை அவள். தங்கைகளே, உங்களில் பலர் இதை அனுபவிப்பீர்கள். அங்கே வந்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் பாடசாலையில் முதலாம் பிள்ளைகள்.

"ஆறு கிழமை இரும். மண் ஆய்வுகூடத்துக்கு வாரும். பிறகும் மாற விருப்பமென்றால் நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் அவர். போனாள். களிமண்ணை உருளையாக்கிப் பாரம் ஏற்றி, அது எந்தக் கட்டத்தில் இளகுகிறது என்று பார்க்கும் பரிசோதனை. அதன் பின்னாலுள்ள கோட்பாட்டைத் தேடி நூலகத்துக்குப் போனபோது, 1963இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தது. எழுதியவர்கள் ரோஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா. மூன்றாம் பெயரைப் பார்த்ததும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். கேம்பிரிட்ஜில் அந்த ஆய்வில் பங்குகொண்டு, பின்னர் பேராதனையில் பீடாதிபதியாக இருந்து, அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றிக்கொண்டிருந்த அதே பேராசிரியர் துரைராஜா. உலகம் முழுவதும் மண்ணியக்கவியல் படிப்பவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள். செம்பாட்டு மண்ணில் வளர்ந்த இவள் மண் படிக்கமாட்டேன் என்று அழுதிருக்கிறாள்!

துறை மாற்றக் கடிதத்தை அவள் கொடுக்கவில்லை. இன்று லண்டனில் அத்திவாரங்களோடுதான் அவளுடைய வேலை.

மொறட்டுவைக்குப் போனவளின் கதை வேறு. அவள் கேட்ட துறையே அவளுக்குக் கிடைத்தது. ஆனாலும் பேராதனைக்கு மாறவேண்டும் என்று எங்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். பேராதனைப் பீடம் பழையது, 1950இல் கொழும்பில் தொடங்கி 1960களின் நடுப்பகுதியில் மகாவலிக் கரைக்கு வந்தது, அதன் பெயருக்கு வெளிநாட்டில் மதிப்பு அதிகம், ஆய்வுகூடங்கள் பெரியவை என்றெல்லாம் காரணங்களை அடுக்குவாள். வாசிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். நாங்களும் ஓமோம் என்று எழுதினோம். எங்களுக்கும் அவள் வந்தால் சந்தோஷம்தானே.

ஒரு விடுமுறையில் நேரே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவள் இருந்த அறை ஒரு வீட்டின் பின்பக்கம். வீட்டுக்காரர் நல்லவர்கள்; ஆனால் இரவில் சுற்றிவளைப்பு என்றால், தமிழ்ப் பெயர் உள்ள ஒரே பிள்ளை அந்த ஒழுங்கையில் அவள்தான். பொலிஸ் பதிவுக் கடதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பாள். பயத்தில் நித்திரையில்லை, நித்திரையில்லாமல் வகுப்பில் ஒன்றும் ஏறுவதில்லை, ஒன்றும் ஏறாததால் அந்த இடமே வேண்டாம் என்றாகிவிட்டது. பயமாக இருக்கிறது என்று எழுத அவளுக்கு வெட்கம். அதனால்தான் பேராதனையின் ஆய்வுகூடங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய மாமி ஒருவர் வெள்ளவத்தையில் இருந்தார். அங்கே ஒரு கட்டில் போட இடம் கேட்டு வாங்கினோம். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள். தூரம்தான். இரண்டு மாதத்தில் இடமாற்றப் பேச்சு நின்றது. அவள் தேடியது நித்திரை கொள்ள ஓர் இடம். அதற்காக ஒரு பல்கலைக்கழகத்தையே மாற்றப் பார்த்தாள்.

இப்போது நான்காமவள். இயந்திரவியல் கிடைத்தவள். இந்தப் பகுதியை எழுதத்தான் எங்களுக்கு இத்தனை நாள் எடுத்தது.

அவளுக்கு எங்களைப்போல அழுகை வரவில்லை. அமைதியாகவே இருந்தாள். இரண்டாம் வருடத்தில் பட்டறை வகுப்பு வரும் நாளில் தலையிடிக்கும். ஆய்வுகூட அறிக்கைகளை எங்களிடம் வாங்கிப் பார்த்து எழுதுவாள். ஆனால் கணிதப் பயிற்சித் தாள்கள் வந்தால், தன்னுடையதை முடித்து, எங்களுடையதையும் முடித்து, மேல் வகுப்பு அண்ணாமாருடையதையும் கேட்டு வாங்குவாள். நூலகத்தில் எங்களுக்கு விளங்காத அட்சரகணிதப் புத்தகங்களை எடுத்து வந்து, கதைப்புத்தகம் வாசிப்பதுபோல் படுத்திருந்து வாசிப்பாள். இப்போது நினைத்தால் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!

ஒரு மாலை மகாவலியின் மேலுள்ள நடைபாலத்தில் நின்று சொன்னாள். "நான் இதை விட்டிட்டு விஞ்ஞான பீடத்துக்குப் போய்க் கணிதம் படிக்கப் போறன். இங்கை ஏலாட்டி யாழ்ப்பாணத்திலை எண்டாலும் பரவாயில்லை." விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தாள்.

நாங்கள் என்ன சொன்னோம்? "உனக்கென்ன விசரோ?" என்றோம். கொப்பா காணியை ஈடு வைத்து அனுப்பினது கணிதம் படிக்கவோ என்றோம். எஞ்சினியர் என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது விடுவார்களோ என்றோம். பள்ளிக்கூடத்துக்கு என்ன பெயர் வரும் என்று இந்தக் கல்லூரியையும் இழுத்தோம். மொறட்டுவையில் இருந்தவளும் ஆறு பக்கத்தில் ஒரு புத்திமதிக் கடிதம் போட்டாள்.

நாங்கள் சொல்லாத ஒன்று இருந்தது. விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்த இரவு வள்ளத்தில் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள் ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இருப்போம். அவள் போய்விட்டால் இரண்டு பேர்தான். அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசினோம். பல வருடங்களுக்குப் பிறகு இதை எங்களுக்குள் ஒப்புக்கொண்டோம். அவளிடம் ஒப்புக்கொண்டது இந்த உரையை அனுப்பியபோதுதான்.

அவள் நின்றாள். தவறிய பாடங்களைத் திரும்ப எழுதி, எங்களுக்கு இரண்டு வருடங்கள் பிந்திப் பட்டம் எடுத்தாள். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் விலைமனுக்கள் தட்டச்சுச் செய்யும் வேலை. பிறகு கலியாணம், அவுஸ்திரேலியா, பிள்ளைகள். முப்பத்தாறு வயதில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கணித ஆசிரியையாவதற்குப் படிக்கத் தொடங்கினாள். இப்போது அங்கே ஓர் உயர்நிலைப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். அவளுடைய வகுப்பின் படமொன்றை அனுப்பியிருந்தாள். பேராதனையில் நாங்கள் ஒருநாளும் பார்க்காத முகம் அது.

இந்த இடத்தில் நாங்கள் முதலில், "எங்களால் அவளுடைய வாழ்க்கையில் இத்தனை வருடங்கள் வீணாயின" என்று எழுதியிருந்தோம். அவள் அதை வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதியது இது: "வீண் எண்டு நான் சொல்லேல்லை. அதெல்லாம் என்ரை வருசங்கள்தான். ஆனால் அண்டைக்கு ஒருத்தரும் என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை. எல்லாரும் பதில் மட்டும்தான் சொன்னீங்கள்." அவள் எழுதியபடியே வாசித்திருக்கிறோம்.

கடிதம் எழுதிய தங்கைக்கும், நாளை இதே நிலையில் நிற்கப்போகும் உங்களுக்கும் நடைமுறையில் சில விடயங்கள்.

அரச பல்கலைக்கழகங்களுக்கிடையே இடம் மாறுவது, ஒரே பீடத்துக்குள் துறை மாறுவதைவிட மிகக் கடினம். உங்களுக்குக் கிடைத்த இடம் இசெட் புள்ளியாலும் மாவட்ட ஒதுக்கீட்டாலும் வந்தது. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத் திறமைக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற அந்தப் பங்கீட்டைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அப்படி வந்த இடத்தைக் கடையில் சட்டை மாற்றுவதுபோல் மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதும்போதே கவனம் வேண்டும். ரியூசன் சேர் சொன்னார் என்பதற்காக எழுதாதீர்கள்.

எங்கள் காலத்தில் வடக்கில் பொறியியற் பீடம் இல்லை. இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2014இல் அங்கே படிப்புத் தொடங்கியது. ஒலுவிலிலும் காலியில் ஹப்புகலையிலும் பீடங்கள் உள்ளன. புதிய பீடத்துப் பட்டம் வெளிநாட்டில் செல்லுமா என்று பெற்றோர் கேட்கிறீர்கள். பீடம் பழையதா புதியதா என்பதை விட்டுவிட்டு, அந்தப் பட்டநெறிக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் தராதர அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1989இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் அந்த நிறுவனம் முழு உறுப்பினர். அங்கீகாரம் பெற்ற பட்டத்தைப் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகள் இணையானதாக ஏற்கும் வழி அதனால் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயருக்காக இடம் மாற நினைப்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

முதல் அரையாண்டில் பிடிக்கவில்லை என்று தோன்றினால், அது விளங்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். தகைப்பு, விகாரம், கொய்வு என்று தமிழில் படித்துவிட்டுப் போன நாங்கள், விரிவுரையில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், ஷியர் என்று கேட்டு, இது ஏதோ புதிய பாடம் என்று ஒரு மாதம் பயந்திருந்தோம். யங்கின் மட்டு வந்தபோதுதான் ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. ஆங்கிலம் பழக ஓர் அரையாண்டு கொடுங்கள். அதற்கு முன் துறையில் குற்றம் காணாதீர்கள்.

பகிடிவதையால் மாற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது துறைப் பிரச்சினையும் இல்லை, உங்கள் பிரச்சினையும் இல்லை. சட்டத்தில் குற்றம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதை வீட்டில் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். பேராதனை ஆய்வுகூடங்களைப் புகழ்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கிளைகளிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. கனடாவில் மக்மாஸ்டர் போன்ற இடங்களில் முதலாம் வருடம் பொது. வாட்டர்லூ போன்ற இடங்களில் தொடக்கத்திலேயே துறைக்குள் எடுத்துவிடுகிறார்கள். அங்கே மாறுவது இங்கேயுள்ளதைவிட எளிது. ஆனால் படித்த பாடங்களில் எத்தனையைப் புதிய இடம் கணக்கில் எடுக்கும் என்று எழுத்தில் வாங்காமல் மாறினால், ஒரு வருடக் கட்டணம் கூடலாம். ரொறன்ரோவில் உள்ள எங்கள் தோழியின் மகள், "வீட்டுக்குக் கிட்ட வரப்போறன்" என்று மாறக் கேட்டாள். அம்மா அதைப் பாசம் என்று நினைத்தார். விசாரித்தால், அறைத்தோழியோடு மூன்று மாதமாகப் பேச்சில்லை. அறையை மாற்றினார்கள்.

எங்கள் நான்காமவளைப்போல உண்மையிலேயே பாடம்தான் வேறென்றால், மாறுங்கள். பிந்தாமல் மாறுங்கள். புலமைப்பரிசில், விடுதி, கூடப் படித்தவர்கள் ஒரு வருடம் முந்திப் போவது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து மாறுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "விட்டிட்டு வரப்போறன்" என்று சொன்னால் அன்றிரவு பதில் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா, எந்த வகுப்பு என்றால் எழும்பி ஓடிப்போகிறாய், எந்த வகுப்பு என்றால் வயிற்றுவலி வருகிறது என்று கேளுங்கள். கலியாணப் பேச்சில் எஞ்சினியர் என்று சொல்ல முடியாமல் போய்விடுமே என்ற கவலை உங்களுக்கு வரும். வரட்டும். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை 9 மணியிலிருந்து நூலகத்தில் நாங்கள் மூவரும் இருப்போம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பெறுபேற்றுத் தாளையும் பீடக் கைந்நூலையும் கொண்டுவாருங்கள். உயர்தர வகுப்பினர் விண்ணப்பக் கைந்நூலைக் கொண்டுவந்தால் போதும். தூர இடங்களிலிருந்து வருபவர்களுக்கு பஸ் காசு சங்கம் தரும். கடிதம் எழுதிய தங்கையும் அம்மாவோடு காலை பஸ்சில் வருகிறாள். அவள் என்ன முடிவெடுத்திருக்கிறாள் என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

பிற்பகல் 2 மணிக்கு மெல்பேர்ணிலிருந்து அவளும் திரையில் வருவாள். கணிதம் படிக்க விரும்புகிறவர்கள் அவளோடு கதைக்கலாம். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிடும். ஆகவே பிந்தாமல் வாருங்கள்.